குசினிக்குக் கீழே

அந்த வருடம் சீவரத்தினத்துக்குச் சத்தமே ஆகவில்லை. வாசல் படலை கிறீச்சிட்டால் துடித்து எழும்புவார். மகள் அருந்ததி வீட்டுக்குள் ஓடினால், "மெல்ல நட பிள்ளை!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

தொழில் அப்படி. காங்கேசன்துறைப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் தோண்டிய ஒரு கம்பனியில், நிலத்தின் அடிவயிற்றைக் கேட்டுச் சொல்லும் கருவி அவர் பொறுப்பில் இருந்தது. சிறு 'காது'களை வரிசையாக மண்ணில் குத்திக் கம்பியால் இணைப்பார். ஏரம்பு என்ற வாட்டசாட்டமான தொழிலாளி இரும்புத் தட்டில் சம்மட்டியால் ஓங்கி அடிப்பான். இறுகிய கல்லென்றால் அதிர்வு காதுகளுக்கு ஓடிவரும். கீழே பொந்து இருந்தால் சுற்றி வளைத்து, களைத்துப் பிந்தி வரும். கருவி அதைக் கடதாசியில் கோடாக வரைந்து காட்டும். கல் இறுகியிருந்தால் கம்பனி அந்த நிலத்தை வாங்கித் தோண்டும். பொந்தென்றால் கைவிட்டுவிடும்.

எண்பத்துமூன்று மாசியில் அந்த அளவெடுப்பு அவருடைய வீட்டு வளவுக்கே வந்துவிட்டது. மனைவி செல்வநாயகி சீதனமாகக் கொண்டுவந்த வீடு. அவள் பிறந்ததும் அங்கேதான், தாலி ஏறியதும் அந்த முற்றத்தில்தான்.

"உங்கடை கையாலையே என்ரை வீட்டைக் கிண்டிக் கிடங்காக்கப் போறியளோ?" என்று அவள் கேட்டாள். கல் இறுகியிருந்தால் வீடு போகும். பொந்தாக இருந்தால்? அதை நினைக்கவே அவருக்குப் பயம். பின்வேலிக்கு அப்பால் கம்பனி கல்லுக்கு வெடி வைக்கும்போதெல்லாம் குசினிக் கோப்பைகள் தாமாகக் கிலுங்கின.

அளவெடுக்கும் நாளன்று அதிர்வு குழம்பாமல் அயலவர்கள் தோட்டங்களில் தண்ணீர் மிஷினை நிறுத்திக் கொடுத்தார்கள். ஏரம்பு அடித்தான். கடதாசி முழுவதும் கிறுக்கல்.

"என்ன சீவரத்தினம் உது? கோழி கிண்டின குப்பை மாதிரிக் கிடக்கு" என்றார் கம்பனி எஞ்சினியர் துரைராஜா.

அப்போதுதான் காதில் விழுந்தது. தொம், தொம், தொம். குசினியில் செல்வநாயகி அரிசி இடிக்கிறாள். அடுத்த வளவில் தங்கமுத்து ஒடியல் பனங்கிழங்கை இடிக்கிறாள்.

"ஊரிலை ஆருக்கும் கலியாணமோ அண்ணை?" என்று சிரித்தான் ஏரம்பு.

சீவரத்தினம் ஓடினார். "நிப்பாட்டு!"

"ஏன் நிப்பாட்ட? உலக்கை போட்டாலும் கோடு குழம்புமெண்டு நீங்கள்தானே சோறு தின்னேக்கை சொன்னனீங்கள். இண்டைக்கும் இடிப்பன், நாளைக்கும் இடிப்பன். அரிசி முடிஞ்சால் உமியை இடிப்பன்!"

"விடாதை நாயகி!" என்று வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தாள் தங்கமுத்து.

அவர் உலக்கையைப் பற்றினார். அவள் விடவில்லை. இருவரும் இழுபட்டார்கள். அவர் கெஞ்சினார்.

"நீ வீடு போகுமெண்டு அழுகிறாய். கீழை வெறும் பொந்தெண்டால்? அங்காலை வெடி வைக்கிறாங்கள், இஞ்சை பிள்ளை படுக்குது. ஒருநாள் நிலம் உள்ளுக்கை இறங்கினால் ஆரைக் கூப்பிடுவாய்? எனக்குத் தெரியவேணும் நாயகி. தெரியாமல் என்னாலை கண்மூட ஏலாது."

அவளுடைய பிடி தளர்ந்தது. அருந்ததியை இழுத்து அணைத்துக்கொண்டு, "அடிக்கச் சொல்லுங்கோ" என்றாள். தங்கமுத்துவும் கையை நிறுத்தினாள்.

ஏரம்பு அடித்தான். இந்தமுறை கோடுகள் தெளிவாக வந்தன. வீதிப்பக்கக் காதுகளுக்கு அதிர்வு உடனே வந்தது. குசினிப்பக்கக் காதுகளுக்கு மட்டும் பிந்தி வந்தது. "திரும்ப அடி" என்றார் சீவரத்தினம். திரும்பவும் அதுவே. மூன்றாம் தரமும் சம்மட்டியை ஓங்கிய ஏரம்புவை அவர் தடுத்துவிட்டார்.

துரைராஜா கடதாசியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "உம்மடை வளவு கம்பனிக்கு உதவாது. எடுக்கமாட்டினம்."

"மெய்யே சேர்? நகுலேஸ்வரா!" செல்வநாயகி கீரிமலைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். கண்ணீரோடு சிரித்தாள். "எல்லாரும் இருந்து புட்டுச் சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்று உலக்கையைத் தூக்கினாள்.

"இடியாதை!"

சீவரத்தினம் போட்ட சத்தத்தில் வேலிக் காகங்கள் எழும்பிப் பறந்தன. அவள் அவருடைய வெளிறிய முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் காலடியைப் பார்த்தாள்.

"எங்கை?"

"குசினிக்குக் கீழை. பிள்ளை படுக்கிற அறை வரைக்கும் போகுது."

தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவதுபோல அவள் உலக்கையை நிலத்தில் கிடத்தினாள். "ஒருத்தரும் பறிக்காத வீட்டை நானே விட்டிட்டுப் போகவோ?" என்றாள். அவர் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று பின்னேரமே, நெல்லியடியில் இருக்கும் அவளுடைய அண்ணை வீட்டுக்குப் போக லொறி வந்து நின்றது. பெட்டியையும் பாயையும் ஏற்றியபின் ஏரம்பு உரலைச் சரித்து உருட்டப் போனான்.

செல்வநாயகி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"உருட்டாதை தம்பி" என்றாள் மெதுவாக. "தூக்குவம்."