நேற்றுச் சொன்ன பொய்

சித்தப்பா குடியை விட்டுவிட்டார் என்று சித்தி போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து, பையை இறக்கிய கையோடு தையல் கடைக்குப் போனபோதுதான் நம்பினேன். சவரம் செய்த முகத்தோடு கட்டிங் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தார். கை நடுங்கவில்லை.

தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். இஞ்ச் டேப் தோளில் தொங்குமே தவிர, அதை எடுக்க மாட்டார். ஆள் உள்ளே நுழையும்போதே கண்ணால் அளந்துவிடுவார். என்னையும் அளந்தார்.

"என்னடி இப்படி இளைச்சுட்ட? அத்தனை ஊர்ல ஒரு ஊர்லயும் உனக்குச் சோறு போடலியா?"

சிரித்தேன். அடுத்து அவர் கேட்டதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணன் எங்க? சட்டைக்கு நீலக்கட்டத் துணி குடுத்ததோட சரி, ஆளையே காணோம். அளவு சரியான்னு பாக்கணும், வரச் சொல்லு."

அவருடைய அண்ணன்தான் என் அப்பா. அப்பா போன வருடமே இறந்துவிட்டார். நான் பறந்து வந்து, எல்லாம் முடிந்ததும் கிளம்பிப் போனேன். அன்று சித்தப்பா இந்தக் கடையின் பின்னறையில், துணிக் கட்டுகளுக்கு நடுவே, உலுக்கி எழுப்பியும் எழாத போதையில் கிடந்தார்.

"அப்பா இறந்துட்டாரே சித்தப்பா."

கத்திரிக்கோல் கீழே விழுந்தது. மேஜையில் கவிழ்ந்து, குழந்தை மாதிரி கேவிக் கேவி அழுதார். கடையை ஒட்டிய வீட்டிலிருந்து ஓடிவந்த சித்தி என்னை முறைத்துவிட்டு, அவரை முகம் கழுவ அழைத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் துண்டால் துடைத்தபடி வந்தவர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அடடே, நீ எப்ப வந்த? என்ன இப்படி இளைச்சுட்ட? அண்ணன் எங்க?"

நான் சித்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

"வெளியூர் போயிருக்காருங்க" என்றாள் சித்தி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அப்புறம் சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே சாவை எத்தனை தடவைடி சொல்றது? ஒவ்வொரு தடவையும் புதுசா அழறார், அழுது முடிக்கறதுக்குள்ள மறந்துடறார்."

வருடக்கணக்கில் சோற்றுக்குப் பதிலாகச் சாராயம் போனதில், புதிய விஷயத்தைப் பிடித்து வைக்கும் இடம் மூளையில் பழுதாகிவிட்டதாம். பழையது பத்திரமாக இருக்கிறதாம். குடியைத் தொடாமல், வைட்டமின் ஊசி போட்டு, வேளைக்குச் சாப்பிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம். எவ்வளவு தேறும் என்பதை மட்டும் சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். சித்திக்கு ஒரே கவலைதான். இன்று நடந்தது நாளை அவர் தலையில் நிற்குமா? நிற்காவிட்டால் ஆயுசுக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காக்க வேண்டும்.

நானும் பொய்யில் சேர்ந்துகொண்டேன். "நாளைக்கு வந்துடுவார் சித்தப்பா" என்பது என் பங்கு. கடையில் காஜா போட்டுப் பொத்தான் தைக்கும் அக்கா, "பல்லு புடுங்கப் போயிருக்கார் மாஸ்டர்" என்பாள். சித்தி வெளியூர் என்பாள். சலித்துப்போனால் கல்யாணத்துக்கு என்பாள். யாரும் கலந்து பேசிக்கொள்ளவில்லை. ஞாபகம் வைத்து எங்களைக் குறுக்கு விசாரணை செய்ய யார் இருக்கிறார்கள்?

வாரங்கள் போயின. டீக்கடைக்குத் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினார். நானும் அடுத்த பயணத்துக்கு ஊர் தேட ஆரம்பித்தேன். அப்போதுதான் திடீரென்று ஒருநாள் அண்ணனைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். மறுநாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

சித்தி இடிந்துபோனாள். "கூடப் பொறந்தவரையே மறந்துட்டார்டி. அடுத்தது நான்தான்."

அன்று சாயங்காலம் அவர் ஒரு நீலக்கட்டம் போட்ட சட்டையை என் முன் போட்டார். "போட்டுப் பாரு."

என் இளைத்த தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. "இது அப்பா துணியாச்சே சித்தப்பா?"

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினார். "ஒருத்தி வெளியூர்ங்கறா. ஒருத்தி பல்லு புடுங்கறார்ங்கறா. அந்த மனுஷனுக்கு மொத்தம் எத்தனை பல்லு? நீ நாளைக்குங்கற. நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்ன. முந்தாநாளும் அதான். புளுகறதுன்னு ஆச்சு, எல்லாரும் கூடிப் பேசி ஒரே புளுகா புளுகக் கூடாதா?"

காஜா அக்காவின் ஊசி அந்தரத்தில் நின்றது. சித்தி துணிக் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அண்ணன் போயிட்டாரா?"

"ம்."

அழவில்லை. "அப்ப நான் எங்க இருந்தேன்?"

அதற்கு யாரும் பொய் தயாரித்து வைத்திருக்கவில்லை.

"பின்னறையில படுத்திருந்தீங்க" என்றேன்.

"குடிச்சுட்டா?"

"ஆமா சித்தப்பா."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மறுநாள் கடை திறந்ததும் ஓடினேன். இதுவும் அழிந்திருக்க வேண்டுமா, நின்றிருக்க வேண்டுமா, எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. சித்தி எனக்கு முன்னாலேயே வாசலில் நின்றிருந்தாள். காலையிலிருந்து அவரிடம் பேச்சுக் கொடுக்கப் பயந்து, உள்ளே எட்டி எட்டிப் பார்த்தாள். சித்தப்பா ஒரு காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அண்ணனைத் தூக்கக்கூட நான் வரல, இல்ல?" என்றார்.