என் எடைக்கு ஒரு ஸ்பிரிங்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓடிய பதினொரு பைக்குகளும் ஒரே ஆளின் எடைக்குச் சரிசெய்யப்பட்டிருந்தன. அந்த ஆள் அவற்றில் ஒன்றைக்கூட ஓட்டியதில்லை.

அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். எங்கள் எல்லோருக்கும் அண்ணன். தொண்ணூறு கிலோ இருப்பார். மண்ணில் ஓட்டும் வண்டி எது வந்தாலும் அவர் செய்வது ஒன்றுதான். ஸ்டாண்டிலிருந்து இறக்குவார், சீட்டில் உட்காருவார், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை அழுத்தி எழுவார். பிறகு பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தில் உளியை வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு.

"செட் ஆயிட்ச்சி. எட்த்துக்கினு போ."

யாரும் கேள்வி கேட்டதில்லை. ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரும்பு ஆலைகளில் வேலை பார்க்கும், எழுபது எண்பது கிலோ ஆண்கள். அவருடைய உட்காரல் அவர்களுக்கு ஏறக்குறைய பொருந்தியது. நான் நாற்பத்தொன்பது கிலோ.

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தை ஒட்டியது. சொந்த நிலம், நெல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் மெக்கானிக்கல் டிப்ளமாவும் முடித்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். காலையில் ரயிலேறி கும்மிடிப்பூண்டியில் இறங்கி, குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க அளக்கிறேன். உள்விட்டம், வெளிவிட்டம், சுவர் கனம். அளவு தப்பிய குழாயில் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்குவது என் வேலை. யார் வந்து சொன்னாலும் நான் அடித்த பெயின்ட்டை நான் அழித்ததில்லை.

வண்டியைப் பழசாக வாங்கினேன். மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த உயரமான வண்டி. ரோட்டில் ஓட்ட முடியாது, லோடு ஆட்டோவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். கூட்டத்தில் இருக்கும் பத்து ஆண்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

ஊத்துக்கோட்டை போகும் வழியில் ஒரு ஏரி இருக்கிறது. தண்ணீர் வற்றிய மாதங்களில் அதன் தரைதான் எங்கள் மைதானம். பொக்லைன் வைத்து அண்ணன் போட்ட மேடுகள் அங்கே வரிசையாக இருக்கும். மூன்றாவது மேட்டில் நான் மூன்று ஞாயிறு தொடர்ந்து விழுந்தேன். மூன்றும் ஒரே மாதிரி. மேட்டின் உச்சிக்குப் போகும்போது பின்சக்கரம் கழுதை மாதிரி உதைக்கும். நான் சீட்டைவிட்டு எழும்பி ஹேண்டில்பாரைத் தாண்டிக் கவிழ்வேன்.

முதல் தடவை அண்ணன் சிரித்தார். "நாஷ்டா துன்னியா இல்லியா? கையில வலுவே இல்ல."

இரண்டாவது தடவை, பின்பக்கம் கல்லு மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதும் வளையத்தை நன்றாகத் தளர்த்திவிட்டார். "உனக்கோசரம் மெத்துனு ஆக்கிட்டேன், போ."

மூன்றாவது தடவை மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறிந்திருக்குமோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். சுளுக்குதான். நான் கையில் கட்டோடு அடுத்த ஞாயிறு போய் நின்றபோது அண்ணன் அன்பாகத்தான் சொன்னார்.

"பேஜாரு வாணாம் பாப்பா. இனிமே நீ மேட்டாண்ட கொடி புடி. எவனாவது வுழுந்தா ஆட்டு. ஸ்டாப்வாட்ச்சும் உன்னாண்டயே இருக்கட்டும். பொம்பள ஒடம்பு இதுக்கு தாங்காது."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒல்லியான ஓர் அண்ணனும் எங்கள் கூட்டத்தில் உண்டு. என்னைவிட நாலைந்து கிலோதான் கூட இருப்பார். அதே மேட்டில் அவரும் இரண்டு முறை கவிழ்ந்திருக்கிறார். அவர் விழுந்தபோது மண் சறுக்கியது என்றார்கள். நான் விழுந்தால் மட்டும் உடம்பு.

கொடியை நான் வாங்கவில்லை. வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க அதைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். முன்பக்க ஃபோர்க்கில், குழாயும் குழாயும் சேரும் இடத்தில் ரப்பர் சீல் இருக்கும். அதற்குள் ஏரி மண் புகுந்துவிட்டால் ஆயில் கசியும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகிச் சுற்றி எடுத்தால் மண் வந்துவிடும். அதற்கு என் எக்ஸ்ரே படத்தைக் கத்தரித்தேன். சரியான கனம்.

"துட்டு குட்த்து எட்த்த படம்டி! அத்த போயி கத்திரி போட்ற?" என்றாள் அம்மா.

"கைதான் ஒடையலன்னு தெரிஞ்சிபோச்சே. இன்னும் அத்த வச்சி இன்னா பண்றது?"

வண்டியின் கையேட்டைப் போனில் இறக்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் நூற்றுச் சொச்சம் பக்கம். இரண்டு முறை படித்தேன். அதில் ஸ்பிரிங்கை அளக்கும் முறை எழுதியிருந்தது. பின்சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, சக்கரத்தின் அச்சிலிருந்து மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். வண்டி தன் கனத்தில் தானே நிற்கும்போது ஒரு முறை. ஓட்டுகிறவர் பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை. முதல் அளவிலிருந்து மற்ற இரண்டும் எவ்வளவு குறைகின்றன என்பதுதான் கணக்கு. வண்டி மட்டும் நின்றால் முப்பத்தைந்து மில்லிமீட்டர் இறங்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால் மொத்தம் நூறு.

இதற்கு மூன்று ஆள் வேண்டும். சனிக்கிழமை காலையில் டிராக்டர் ஷெட்டில் நைனா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

"ஷெட்டுக்குள்ளயே ஹெல்மெட்டு போட்டுக்கினு குந்திகினுகீது பாரு. இங்க எந்த போலீசுகாரன் புடிக்கப் போறான்?" என்றார் நைனா.

"ஆட்டாத புடி நைனா."

அளக்க வேண்டியது அம்மா. டேப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கொசுவு காலு மாரி கோடு கோடா கீது. எனுக்குத் தெரியல."

துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவினாள். ஒரு முனையை அச்சில் வைத்து, நான் மட்கார்டில் வைத்திருந்த சிவப்புப் புள்ளிவரை நீட்டி, நகத்தால் கிள்ளி ஒடித்தாள். சக்கரம் தொங்கும்போது ஒன்று, வண்டி நிற்கும்போது ஒன்று, நான் உட்கார்ந்தபோது ஒன்று. மூன்று குச்சி.

ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சக்கரம் தொங்கும் அளவை நான் முன்பே தனியாக எடுத்திருந்தேன். அம்மாவின் குச்சி அதைவிட ஒரு விரல் நீளமாக இருந்தது.

"இன்னாம்மா, ஜாஸ்தியா கீது?"

"தையலுக்கு ஒரு வெரலு வுட வாணாமா?"

அம்மா ஊருக்கே ரவிக்கை தைப்பவள். எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு மூன்று குச்சிகளையும் அம்மாவிடம் காட்டிக் கேட்டேன். மூன்றிலும் அதே ஒரு விரல்தான் விட்டிருந்தாள். எனக்கு வேண்டியது நீளம் அல்ல, வித்தியாசம். வித்தியாசத்தில் அந்த விரல் அடிபட்டுப் போய்விடுகிறது. கணக்கு சரியாகவே இருந்தது.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. மொத்த இறக்கம் நூறு, கையேட்டில் இருப்பதுபோலவே. ஆனால் அதில் அறுபது மில்லிமீட்டர் வண்டி தானாகவே இறங்கியது. நான் ஏறி உட்கார்ந்ததற்கு அது கொடுத்தது, அறுபத்தைந்துக்குப் பதில், வெறும் நாற்பது.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் குச்சிகளைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கூட்டத்தில் நான்கு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா பாப்பா, தொடப்பத்த பிச்சி எட்த்தாந்துகீற? பட்டறைய பெருக்கப் போறியா?" என்றார் மெக்கானிக் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

குச்சிகளை மேஜையில் வரிசையாக வைத்து, எது எது என்று சொன்னேன். அவர் தொழில் தெரிந்தவர். உடனே முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தார்.

"நூறு எறங்கிகீது. கரெக்டா கீதே! அப்போ என் செட்டிங்கு தப்பில்ல. நீதான் தப்பு."

"மொத்தம் கரெக்டுதாண்ணா. நடு குச்சிய பாருங்க. வண்டியே அறுவது எறங்கிடுது."

"ஜாஸ்தி எறங்கினா மெத்துனு கீதுன்னு அர்த்தம். இன்னும் இன்னா கேக்கற?"

"இல்லண்ணா. நீங்க வளையத்த லூஸ் பண்ணதால வண்டி தானா தாழ்ந்து நிக்குது. ஸ்பிரிங்கு அதே கல்லுதான். முன்னாடி ஓட்டினவரு உங்கள விட வெயிட்டு. அவருக்குன்னு போட்ட ஸ்பிரிங்கு அது. நான் குந்தினதே அதுக்குத் தெரியல."

ஒல்லி அண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்தார். "லோடு இல்லாத டிப்பர் தூக்கித் தூக்கி அடிக்குமே, அந்த மாரியா?"

"அதே மாரிதான்."

"நீ சும்மா இருடா," என்று மெக்கானிக் அண்ணன் அவரை அதட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார். "இருவது வருசமா குந்தி குந்தி செட் பண்ணிக்கினு இருக்கேன். நீ புக்கு பட்ச்சிட்டு வந்து எனுக்கு பாடம் எடுக்கற?"

"ஆமா, புக்குதான் படிச்சேன். எங்க ஊட்ல படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நானு. நான் படிக்காம வேற யாரு படிப்பா?"

"அப்போ நல்லா துன்னு ஒரு பத்து கிலோ ஏத்து. வண்டி தானா சரியாப்பூடும்."

"வண்டிக்கோசரம் நான் துன்ன மாட்டேன். வண்டிதான் எனக்கோசரம் மாறணும்."

அவர் குச்சிகளை மேஜையிலிருந்து என் பக்கம் தள்ளினார்.

"சரி. ஸ்பிரிங்க மாத்திக்கினு வா. வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது மேட்ட தாண்டு. வுழுந்தியானா, இந்த ஏரியில கொடியோட நிறுத்திக்கணும். பேச்சே கூடாது."

"தாண்டினா?"

"தாண்டினா ஓட்டு."

"அது பத்தாது. தாண்டினா, இனிமே யார் வண்டி வந்தாலும் ஓட்டறவங்கள குந்த வச்சி அளக்கணும். நீங்க குந்தக் கூடாது."

நான்கு பேரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பாக்கலாம்" என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வண்டியை விற்ற திருவள்ளூர்க்காரருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த பழைய ஸ்பிரிங் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுவா? மாடியில துணி பறக்காம இருக்க மேல வச்சிருக்கோம்மா. வேணும்னா வந்து எடுத்துக்கோ. ஆனா மாத்தறதுக்கு ஆள் இருக்கா?"

"இருக்காங்க, சார்," என்றேன். என்னைத்தான் சொன்னேன்.

அடுத்த நாள் ஷிப்டு முடிந்து, ஊத்துக்கோட்டை வழியாகப் பஸ் மாறிப் போய் அதை வாங்கி வந்தேன். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா அது என்ன என்று கேட்டாள். சொன்னேன். நகர்ந்து உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை ஷாக்கைக் கழற்றினேன். அதைச் சக்கரத்தோடு இணைக்கும் கைகளின் பேரிங்குகளில் கிரீஸ் இல்லை, கருப்புக் களிமண் இருந்தது. எல்லாவற்றையும் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தேன். வளையத்தைக் கடைசிவரை தளர்த்தினேன். ஸ்பிரிங்கில் கொஞ்சமும் இறுக்கம் இல்லை என்று கையால் ஆட்டிப் பார்த்த பிறகே கீழ்த்தட்டை எடுத்தேன். அவசரப்பட்டால் முகத்தில் அடித்துவிடும். பழையதை மாட்டினேன். மறுபடியும் நைனா பிடித்தார், அம்மா ஒடித்தாள். வண்டிக்கு நாற்பத்து மூன்று, எனக்கு ஐம்பத்தேழு. கையேட்டு அளவு அப்படியே வரவில்லை. ஆனால் நான் உட்கார்ந்தால் அது இறங்கியது, கண்ணுக்கே தெரிந்தது. ஷாக்கின் அடியில் இருக்கும் திருகை இரண்டு கிளிக் தளர்த்தினேன். இறங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணன் மூன்றாவது மேட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொடி தரையில் குத்தி வைக்கப்பட்டிருந்தது, எனக்காக.

முதல் மேட்டிலேயே வேறு வண்டியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இரண்டாவதில் பின்சக்கரம் மண்ணை விட்டுப் போகவில்லை. மூன்றாவதற்கு முன் எனக்குப் பயம் வந்தது. வரவில்லை என்று எழுத மாட்டேன். ஆக்சிலேட்டரைக் குறைக்கவில்லை. மேட்டின் முகத்தில் வண்டி அமுங்கியது, உதைக்கவில்லை. காற்றில் இருந்தேன். இரண்டு சக்கரமும் அந்தப் பக்கம் இறங்கின. நான் சீட்டுக்கு மேலேயே இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த வளைவுக்கு பிரேக்கை மறந்துவிட்டேன். பக்கவாட்டில் சறுக்கிப் போய்ப் புழுதியில் விழுந்தேன்.

அண்ணன் கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தார். "பாத்தியா? வுழுந்துட்டல்ல? புடி இத்த!"

"மேட்ட தாண்டியாச்சுண்ணா."

"வுழுந்தியா இல்லியா?"

"இந்த வளைவுல வுழுந்தது நானு. பிரேக்கு புடிக்கல, வுழுந்தேன். மேட்டுல வுழுந்துகினு இருந்தது உங்க செட்டிங்கு. ரெண்டும் ஒண்ணில்ல."

அவர் கொடியை நீட்டிக்கொண்டே நின்றார். நான் வண்டியைத் தனியாகத் தூக்கி நிறுத்தினேன். தூக்க வந்த இரண்டு பேரை வேண்டாம் என்றேன். உதைத்து ஸ்டார்ட் செய்து மறுபடி முதல் மேட்டுக்குப் போனேன். திரும்பி மூன்றாவது மேட்டுக்கு வந்தபோது கொடி அவர் கையிலேயே இருந்தது. அதைத் தாண்டினேன். அதன் பிறகு எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

அடுத்த வாரம் ஒல்லி அண்ணன் தன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவரையே சீட்டில் உட்கார வைத்து அளந்தார்கள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். இப்போது அங்கே ஓட்டுகிறவர் உட்காராமல் எந்த வண்டிக்கும் வளையம் திருகுவதில்லை. மெக்கானிக் அண்ணன் பேச்சைக் காப்பாற்றினார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் சென்னையிலிருந்து வரும் புது வாடிக்கையாளர்களிடம் அது அவரே யோசித்துக் கண்டுபிடித்த முறை என்று சொல்கிறார். நான் அந்த மாதம் நன்றாகச் சாப்பிட்டதால்தான் மேட்டைத் தாண்டினேன் என்றும் சொல்கிறார்.

நான் பட்டறையில் இருக்கும் நாட்களில், வந்தவர்கள் எதிரிலேயே திருத்திவிடுகிறேன். அவருக்குக் கோபம் வருகிறது. நான் இல்லாத நாட்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.