விரல்மேல் விரல்

நடந்தது இவ்வளவுதான்:

1. நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஃப்ளாட்டின் கீழே பார்க்கிங்கில், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக அம்மா ஒரு மாலை வகுப்பு தொடங்கினாள்.
2. நான் நன்றாகப் படிப்பேன் என்பதால் எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.
3. ஆகவே, நான் படிக்க மறந்துபோனேன்.

மூன்றாவதற்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் தேவை.

வண்டிகள் எல்லாம் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், ஆயில் கறையின் மேல் அம்மா பாய் விரிப்பாள். முதல் பைக் கேட்டுக்குள் நுழைந்தால் வகுப்பு முடிந்தது என்று அர்த்தம். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த எங்களை அதுவரை அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பாய் விரித்த பிறகு நான் "டீச்சர் பொண்ணு" ஆகிவிட்டேன். அம்மா டீச்சரே இல்லை.

அவளுடைய முறை ஒன்றுதான். திணறுகிற பிள்ளை அவளை ஒட்டி உட்கார வேண்டும். அம்மா வரியில் விரல் வைப்பாள். பிள்ளை தன் விரலை அதன்மேல் வைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து எழுத்தெழுத்தாக நகரும். தடுக்கினால் அம்மாவின் விரல் காத்து நிற்கும். நானும் அப்படித்தான் படிக்கக் கற்றேன். அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் உள்ள விஷயம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது அந்த இடத்தில் தினமும் பின் தெரு ஸ்டெல்லா. என் வயதுதான், ஆனால் ஒரு வரியைத் தாண்ட மாட்டாள். அவளை அம்மா "கண்ணு" என்று கூப்பிட்டாள். என்னைத் தவிர யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அப்பாவிடம் முறையிட்டேன். "நல்லாப் படிக்கிற புள்ளைக்கு என்ன கொறை?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். குறையே அதுதான் என்பது அவருக்கு எட்டவில்லை.

ஒருநாள் அம்மா என்னை ஆமைக் கதையைப் படிக்கச் சொன்னாள். "ஆ... மை... கு... கு..." என்று இழுத்தேன். ஸ்டெல்லா விடும் பெருமூச்சைக்கூட விட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் பாயில் நகர்ந்து அவளை ஒட்டி உட்காரத் தயாரானேன்.

"ஸ்டெல்லா கண்ணு, இவளுக்கு நீ சொல்லிக் குடு" என்றுவிட்டு வேறொரு பிள்ளையின் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஸ்டெல்லாவின் முகத்தில் அத்தனை சந்தோஷம். "இன்னாடி, உனுக்கும் வர்லயா? நீ பெரிய கில்லாடின்னு நெனச்சிக்கினு இருந்தேன்! என் வெரல் மேல வை. அவசரமே கெடையாது, இன்னா?"

தேன்மிட்டாய்ப் பிசுக்கு ஒட்டிய விரல். அது வரியில் ஊர்ந்தது. ஓரிடத்தில் அவள் தப்பாகப் படித்தாள். சரியான சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். விழுங்கிக்கொண்டேன். அவளே நின்று, திரும்பிப் போய், திருத்திப் படித்தாள். முதன்முறையாகப் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள், அவளுக்கு.

"பாத்தியா, உன்னாலயும் முடியும்" என்று என் முதுகில் வேறு தட்டினாள்.

அழுகையை அடக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டேன். பிறகு சாப்பிடும்போது, "ஆமைக் கதை உனக்குத் தலகீழா வருமே சாமி" என்று மட்டும் சொல்லி, அம்மா இன்னொரு தோசை வைத்தாள். கண்டுபிடித்துவிட்டாள்; ஸ்டெல்லாவிடம் என்னை ஒப்படைத்தது அதற்கான தண்டனை என்று முடிவு கட்டினேன். யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்திராத ஒருத்திக்கு அன்று ஒரு மாணவி தேவைப்பட்டாள் என்பதும், அந்த வேலைக்கு அம்மா நம்பி அனுப்ப என்னைத் தவிர ஆள் இல்லை என்பதும் அந்த வயதுக்குப் புரியவில்லை.

இப்போது பின் தெருவில் வகுப்புக்கென்று ஓர் அறை கிடைத்திருக்கிறது. பாதிப் பிள்ளைகளை ஸ்டெல்லா பார்த்துக்கொள்கிறாள். நான் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் அங்கே போவேன். நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போடுகிறார்கள். அம்மாவும் ஸ்டெல்லாவும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.