கடிகாரத்துக்கு முன்னால் அடித்த ஆணிகள்

யுத்தம் நடந்த வருஷங்களில், அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு காண்ட்ராக்ட்காரருடைய கொட்டகையில் பெட்டி கட்டும் வேலை செய்தேன். லாரிகளுக்கான உதிரிச் சாமான்களை எண்ணெய்த் தாளில் சுற்றி, வைக்கோல் திணித்து, மரப் பெட்டியில் வைத்து மூடி அடிக்க வேண்டும். பெட்டி ரயிலேறித் துறைமுகம் போகும். அப்புறம் எந்தச் சீமைக்குப் போகுமோ, ஈசுவரனுக்குத்தான் தெரியும். நான் நாலாவது வரைக்கும் படித்தவன். திருமுல்லைவாயில் கோயிலில் கும்பிட்டுவிட்டு வராமல் ஒரு நாளும் சுத்தியலைத் தொட்டதில்லை.

என் சம்சாரத்தின் தம்பி எனக்குப் பக்கத்து வரிசை. காட்டுப்பாக்கத்திலிருந்து நடந்தே வருவான். முன்பு கல் உடைக்கப் போன இடத்தில் அடிபட்டு, வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அவனை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். அவன் ஒரு ஆணியை எடுத்து நிறுத்துவதற்குள் நாங்கள் இரண்டு அடித்துவிடுவோம். அதனால் மேஸ்திரி எண்ண வருவதற்கு முன், ஆளுக்கு ஒரு பெட்டியை அவன் வரிசைக்குத் தள்ளிவிடுவோம். மேஸ்திரிக்கும் இது தெரியும். கூரையைப் பார்த்துக்கொண்டே எண்ணுவார்.

அப்படியிருக்கும்போது பட்டணத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பெட்டிகள் வழியில் உடைகின்றன, போய்ச் சேரத் தாமதமாகிறது, ஏன் என்று ஆராய அவரை வரவழைத்திருந்தார்கள். கையில் ஒரு நோட்டு. வேண்டியபோது நிறுத்தி ஓடவிடுகிற ஒரு கடிகாரம். குறை சொல்ல முடியாத மனுஷர். தரையில் குனிந்து வேலை செய்த எங்களுக்கு இடுப்பு உயரத்தில் மேடை போட வைத்தார். ஆணி டப்பாவைக் கைக்கு எட்டுகிற பக்கம் மாற்றினார். சாயங்காலத்தில் இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. எந்தப் பெட்டியை யார் கட்டினார்கள் என்று தெரிய, அவரவர் பெட்டியில் அவரவர் அடையாளத்தை மையால் போடச் சொன்னார். அதோடு பெட்டி தள்ளுவது நின்றுபோயிற்று.

அடுத்து, ஒரு ஆள் ஒரு பொழுதுக்கு எத்தனை பெட்டி கட்டலாம் என்று அளவு எடுக்கப்போவதாகச் சொன்னார். அதற்கு என்னைப் பொறுக்கினார்.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வரும்போது எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“நைனா, மாமியார் ஊட்டுல புது மாப்பிள்ள சாப்புடுவான் பாரு, வெக்கப்பட்டுக்கினு, அந்த மாதிரி அடி நாளைக்கு” என்றார் பாடியிலிருந்து வருகிற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மைத்துனன் சிரிக்கவில்லை. மற்றவர்கள் போன பிறகு, “மாமா, உங்க கை எனக்குத் தெரியும். எனக்கோசரம் கொஞ்சம் புடிச்சிக்கினு அடிங்க” என்றான்.

“பார்க்கலாம்டா” என்றேன். சரி என்று சொல்லியிருக்கலாம்.

மறுநாள் முதல் மூன்று பெட்டிகளை மெதுவாகத்தான் கட்டினேன். இன்ஜினியர் கடிகாரத்தை நிறுத்தினார். “உடம்பு சரியில்லையா? நெற்றியில் விபூதியோடு வருகிறீர்கள், உள்ளதை உள்ளபடி செய்வீர்கள் என்றுதானே உங்களைக் கூப்பிட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது. கோயிலிலிருந்து நேராக வந்து பொய் வேலை செய்கிறோமே என்று உடம்பு கூசிப்போயிற்று. அதற்கப்புறம் என் கையை நான் பிடிக்கவில்லை. ஒவ்வொரு அடியும் அர்ச்சனைப் பூப் போல விழுந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக, தாள் சுற்றுவது முதல் கடைசி ஆணி வரைக்கும் என் கைகளைப் படமாக எழுத வைத்து, பலகையில் ஒட்டிச் சுவரில் மாட்டினார். நான் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மைத்துனன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நான் கட்டின கணக்கே கொட்டகைக்கு அளவானது. மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு எட்டிப் பிடித்தார்கள். அவனால் முடியவில்லை. சாப்பிடக்கூட உட்காராமல் அடித்தான். மூன்றாவது வாரம் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் இன்ஜினியரிடம் ஓடினேன். “ஐயா, அன்றைக்கு நான் ஏதோ வேகத்தில் செய்துவிட்டேன். அது அளவாகாது” என்றேன்.

“ஒருத்தருக்காக மாற்றினால் அப்புறம் அது என்ன அளவு? நீங்களே கட்டிக் காட்டினீர்களே” என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

அசாம் பக்கம் ரோடு போட, பூந்தமல்லியில் ஆள் எடுத்தார்கள். மைத்துனன் அதில் சேர்ந்துவிட்டான். புறப்படுகிற அன்று வீட்டுக்கு வந்து, “மண்ணு வெட்டுறதுக்கு விரல் மடங்க வாணாமாம் மாமா” என்று சிரித்தான். அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அவனோடு போன ஆள் ஒருவர் குமணன்சாவடிக்குத் திரும்பி வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. காய்ச்சல். அங்கேயே ஒரு மேட்டில் புதைத்தார்களாம். காட்டுப்பாக்கம் போய் அவன் பெண்டாட்டி முன்னால் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “நீங்க இன்னா பண்ணுவீங்கண்ணா, உங்க கை அப்படி” என்றாள். என் சம்சாரம் அதுகூடச் சொல்லவில்லை. வேளைக்குச் சோறு போட்டாள்.

யுத்தம் முடிகிற சமயத்தில் பெட்டியின் அளவு மாறியது. மறுபடியும் கணக்கெடுக்க அதே இன்ஜினியர் வந்தார், என்னையே கூப்பிட்டார். இந்தத் தடவை யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆணியை நிதானமாக எடுத்தேன். நிறுத்திப் பார்த்தேன். ஒன்று வளைந்தது, பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு ஆணி எடுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வயசாகிறதல்லவா, பரவாயில்லை” என்று சொல்லிக் குறைந்த கணக்கையே எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு பொழுது வேலை. வானம் இடிந்து விழவில்லை. கோயிலில் விளக்கும் அணையவில்லை. போகிற வழியில் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

வீட்டில் அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். முறத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இதெ அன்னிக்கே பண்ணக் கூடாதா?” என்றாள்.

கல் பொறுக்குவதை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்று நானே உலை வைத்தேன்.