எண்ணெய் துடைக்காத ஹெட்டர்

ஓசூரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், அந்த வாரம்தான் என்னை நிரந்தரமாக்குவார்களா இல்லையா என்று முடிவாக இருந்தது. தர ஆய்வுப் பிரிவில் இரண்டு வருடம் பயிற்சியாளனாக இருந்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா, "எம்பையன் பர்மனென்ட்டு" என்று ஆறு மாதம் முன்பே எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டார். அதை உண்மையாக்கும் வேலை மட்டும்தான் என்னுடையது.

அப்படிப்பட்ட வாரத்தைப் பார்த்து நான் காருக்கு ஹெட்டர் மாட்டினேன்.

கார் மூன்றாவது கையாக என்னிடம் வந்தது. சூளகிரி மேட்டில் ஏ.சி. போட்டால் பால் வண்டிகூட எங்களை முந்திவிடும். "இன்ஜினுக்கு மூச்சு முட்டுதுடா மாப்ள" என்றான் என் அறைத்தோழன். எங்கள் தொழிற்சாலையிலேயே லேத் ஓட்டுபவன். அவன் சொன்னது தவறில்லை. இன்ஜினின் நான்கு வாய்களிலிருந்து வரும் புகையை ஒரே கனத்த வார்ப்பிரும்புக் கட்டி வாங்கி, நெருக்கியடித்து வெளியே தள்ளுகிறது. அதைக் கழற்றிவிட்டு வாய்க்கு ஒன்றாக வளைந்த குழாய்களை மாட்டுவதுதான் ஹெட்டர். புகை தாராளமாகப் போகும்; வண்டிக்கு உயிர் வரும்.

நான் ஒரு மாதம் படித்தேன். நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேர்வது ஒரு வகை. இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவது இன்னொரு வகை. முதல் வகை பார்க்க அழகு. சிப்காட் பக்கம் குழாய் வளைத்துத் தரும் பட்டறைக்காரரிடம் அதைத்தான் கேட்டேன்.

"எங்க ஓட்டுவ?" என்றார்.

"ரூம்ல இருந்து கம்பெனிக்கு."

"அந்த ரோட்ல ரெண்டாவது கியருக்கு மேல போட்டிருக்கியா?"

நான் யோசித்தேன்.

"அது ரேஸ் ஓட்டறவனுக்குப்பா. பஸ்சுக்குப் பின்னாடி நின்னு நின்னு போறவனுக்கு ரெண்டு ரெண்டா சேர்றதுதான் சரி."

ஸ்டெயின்லெஸ் குழாய் வர மூன்று வாரம் ஆகும் என்றார். எனக்கு மூன்று நாள்கூடப் பொறுமை இல்லை. சாதா இரும்பிலேயே செய்யச் சொன்னேன்.

செய்து முடித்ததும் என் பையிலிருந்து நேர்ப்பட்டையையும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜையும் எடுத்தேன். இன்ஜினோடு உட்காரும் தட்டையான பட்டி, பற்றவைத்த சூட்டில் லேசாக வளைந்திருந்தது. ஒரு தலைமுடி நுழையும் அளவு இடைவெளி. திருப்பிக் கொடுத்தேன். தேய்த்துக் கொடுத்தார். மறுபடி அளந்தேன். மறுபடி திருப்பிக் கொடுத்தேன்.

"ஏம்பா, இத கார்ல மாட்டப் போறியா, ராக்கெட்லயா?"

"இடைவெளி இருந்தா நடுவுல வைக்கிற கேஸ்கெட் ஊதிடும்ணே."

"உன்னக் கட்டிக்கப் போறவ பாவம்பா" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது முறையும் தேய்த்தார்.

வியாழக்கிழமை அறைக்குக் கொண்டுவந்தேன். பளபளவென்றிருந்தது. வெளியே மழை. ஞாயிறு வருவதற்குள் துருப்பிடித்தால் என்ன செய்வது? எங்கள் தொழிற்சாலையில் முடிந்த பாகம் எதுவானாலும் ரஸ்ட் ஆயில் தடவி பாலிதீனில் சுற்றித்தான் வெளியே அனுப்புவோம். நானும் பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தடவி, பாலிதீனில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்தேன். லேபிள் ஒட்டாததுதான் குறை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாட்டினோம். பழைய கட்டியின் ஒரு நட்டு மட்டும் காலை முழுவதையும் தின்றது. புதியதை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக, முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறைப்படி முறுக்கினேன். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் காது கொடுத்தோம். கசிவு இல்லை. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா, "இன்னா அது, ரைஸ் மில்லா?" என்றார். அணைத்துவிட்டோம்.

திங்கட்கிழமை காலை. வண்டி உண்மையிலேயே சீறியது. முதல் சிக்னலில் லேசாக ஒரு வாசனை. "புது பைப்புன்னா அப்படித்தான்" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக. இரண்டாவது சிக்னலில் பானெட் இடுக்கிலிருந்து நூல்போலப் புகை. தொழிற்சாலை கேட்டை அடையும்போது முன்கண்ணாடி வழியாக எதுவும் தெரியவில்லை.

கேட்டில் நின்ற செக்யூரிட்டி ஆனேக்கல்காரர். போன வாரம்தான் தீயணைப்புப் பயிற்சி முடித்து, அதைப் பயன்படுத்த ஒரு வாய்ப்பும் கிடைக்காமல் இருந்தார்.

"பெங்கி! பெங்கி!" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு தீயணைப்பு சிலிண்டரோடு ஓடிவந்தார்.

"அண்ணா, நெருப்பு இல்லண்ணா, வெறும் பொக!"

நான் பானெட்டைத் தூக்கியது தப்பு. அவர் சிலிண்டரின் பின்னைப் பிடுங்கி உள்ளே இருந்த பவுடர் முழுவதையும் அடித்தார். இன்ஜின் வெள்ளை. நான் வெள்ளை. பின்னால் வந்து நின்ற வண்டியும் வெள்ளை. அது எங்கள் பிரிவு மேனேஜருடையது. நிரந்தரப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர்.

அவர் இறங்கி வந்து மூக்கை உறிஞ்சினார். "ரஸ்ட் ஆயில் வாசன வருதே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒன்பது மணிக்கு என் மேசைமேல் ஒரு படிவம் இருந்தது. எங்களிடம் எது தவறினாலும் இந்தப் படிவம்தான். 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு, ஐந்து பதில் எழுத வேண்டும். 'கவனக்குறைவு' என்று எழுதினால் செல்லாது. அப்படி எழுதிய ஆபரேட்டர்களிடம் திருப்பிக் கொடுப்பவனே நான்தான். என் அறைத்தோழன் பேனாவைத் திறந்து நீட்டினான்.

"எனக்கு எத்தன தடவ திருப்பிக் கொடுத்த? எழுது ராசா."

ஏன் புகை வந்தது? குழாயில் எண்ணெய் இருந்தது. ஏன் இருந்தது? துடைக்கவில்லை. ஏன் துடைக்கவில்லை? இங்கே எண்ணெய் தடவுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். துடைப்பது வாடிக்கையாளர் வேலை. இந்த முறை வாடிக்கையாளர் நானே என்பது நினைவுக்கு வரவில்லை. ஏன் தடவினேன்? மழை. இதுவரை சுலபம்.

ஐந்தாவது: அந்த எண்ணெய் ஏன் உன்னிடம் இருந்தது?

ரஸ்ட் ஆயில் தடவும் இயந்திரத்துக்குக் கீழே தட்டில் சொட்டியதை வாட்டர் பாட்டிலில் கால்வாசி பிடித்து, மதிய உணவுப் பையில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். கேட் பாஸ் இல்லாமல் ஒரு பழைய துணி வெளியே போனாலே வேலை போகும் இடம் இது. "கடையில வாங்கினேன்னு எழுதுடா" என்று கிசுகிசுத்தான் தோழன். இப்போது அவன் சிரிக்கவில்லை. நானும் அப்படி எழுதத்தான் பேனாவை வைத்தேன். ஆனால் அடுத்தவன் எழுதிய பொய்யை இரண்டு வருடம் மோப்பம் பிடித்தவனுக்குச் சொந்தப் பொய் நாறியது. உள்ளதை எழுதினேன்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

"சொட்டினதா?"

"ஆமா சார். எப்படியும் ஸ்க்ராப்புக்குப் போறதுதான்னு..."

"ஸ்க்ராப்பும் கம்பெனியோடதுதான்."

"ஆமா சார்."

"இத எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் சார். அஞ்சாவதுக்கு வேற எது எழுதினாலும் நானே திருப்பிக் கொடுத்திருப்பேன்."

அவர் நாற்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. இருமலா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. எண்ணெய்த் தட்டுக்குப் பூட்டு, சாவி என் பொறுப்பு. நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிவைப்பு. "என் வண்டியையும் கழுவி விட்டுடு" என்று முடித்தார்.

மதியம் அம்மாவுக்குப் போன் செய்தேன். மூன்று மாதம் தள்ளிப்போன கதையைப் புகை, பவுடர், பாட்டில் எல்லாம் சேர்த்துச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அம்மா முதலில் கேட்டது:

"வேல இருக்குதில்ல?"

"இருக்குதும்மா."

"மூணு மாசத்துல ஆயிடுமில்ல?"

"ஆயிடும்."

"சரி, அதுக்குள்ள யாரு கேக்கப் போறா. ஆனா ஒண்ணு, பொங்கலுக்கு வர்றப்ப பஸ்சுல வா. களத்துல வைக்கப்போர் போட்டிருக்குது."