கேட்டுப்போட்டு ஒட்டுங்க

சிங்காநல்லூர் மில்லில் வேலை பார்த்த மயிலாத்தாளுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். மேஸ்திரியைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவாள். தொண்ணூற்றொன்பது தேர்தலில், மகள் கல்யாணத்துக்கென்று அவள் வெள்ளையடித்து வைத்திருந்த சுவரில் கட்சிக்காரர்கள் பிரதமர் படத்தை ஒட்டிவிட்டார்கள்.

“ஏனுங்க கண்ணு, ஆரைக் கேட்டு ஒட்டுனீங்க?”

“பிரதமர் படமுங்க அம்மணி. அதுக்கு ஆரைக் கேக்கோணும்?”

“அவரும் அப்படித்தானுங்க. எல்லாத்தையும் செஞ்சுபோட்டு அப்பறந்தான் நம்மகிட்டச் சொல்றாரு. ஒருக்காவாச்சும் கேட்டுப்போட்டுச் செய்யச் சொல்லுங்க.”

திட்டி முடித்து மோர் கொடுத்தாள். கூடவே சுண்ணாம்பு வாளியையும் கொண்டுவந்து வைத்தாள். அவர்களே படத்தை உரித்து, சுவருக்கு மறுபடி வெள்ளையடித்த பிறகு அவர்களில் ஒருவன் தலையைச் சொறிந்தான்.

“இப்பக் கேக்கறனுங்க. ஒட்டிக்கலாமுங்களா?”

“கேட்டீங்க பாருங்க, அதுதான் மொறை,” என்று மனசாரச் சிரித்தாள் மயிலாத்தாள். “வேண்டாமுங்க கண்ணு.”