புல் வெட்டாத வருடம்

அக்காவுக்கு மலையுச்சியில் மழை அளக்கும் வேலை. மழைமானியில் சேர்ந்த தண்ணீரைத் தினமும் காலையில் அளந்து அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். மானியைச் சுற்றிப் புல் மண்டினால் அந்த அளவை ஏற்கமாட்டார்கள், நிலையத்தையே மூடினாலும் மூடிவிடுவார்கள். அதனால் அக்கா கையில் எப்போதும் அரிவாள் இருக்கும். முற்றம் மொட்டைத் தலை மாதிரி கிடக்கும்.

பள்ளத்துக்கு அப்பால் ஒரு செங்குத்துப் பாறை. அதில் ஒரு நீலப்பூ உண்டு. உலகத்திலேயே அந்தப் பாறையில் மட்டும்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அக்கா அதைத் தொலைநோக்கியில் பார்த்ததோடு சரி.

ஒரு வருடம் ஈரப் படியில் வழுக்கி அக்காவின் கால் எலும்பு முறிந்தது. அவளுக்குப் பதிலாக மலைக்கு வேலைக்குப் போனவர் எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பார். அவர் பெயரே 'நாளைக்கு அண்ணன்' ஆகிவிட்டது.

மாதங்கள் கழித்து, ஊன்றுகோலோடு மலையேறிய அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். தூரத்திலிருந்தே கத்தினாள்.

"அண்ணே, முற்றத்தைக் காடாக்கி வச்சிருக்கீங்களே!"

"நாளைக்கு வெட்டலாம்னுதான் இருந்தேன், தங்கச்சி."

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். புல்லுக்குள் விரல் உயரத்தில் நீலம். மானியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் நீலம். பாறையில் இருந்த அதே பூ, இதழின் அடியில் மை தொட்டு வைத்தது போன்ற அதே புள்ளி.

"இத்தனை வருஷமா இதையாடா வெட்டித் தள்ளிட்டிருந்தேன்?" என்றாள் என்னிடம்.

மறுவாரம் சோதனைக்கு அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. அக்கா ஊன்றுகோலை ஓரமாகப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தாள். தையல் கத்திரிக்கோலால் பூவை விட்டுப் புல்லை மட்டும் இழை இழையாக நறுக்கினாள். எதிர்ப்பக்கம் நாளைக்கு அண்ணன்.

"என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பதமா முடி வெட்டினதில்ல" என்றார்.

அதிகாரி வந்ததும் முகம் சுளித்தார். "என்னம்மா இது, மழைமானியா, பூந்தோட்டமா?"

"அளந்து பாருங்க சார். ஒண்ணுகூட மானியோட வாய்க்கு எட்டாது."

அளக்கக் குனிந்தவர் நெடுநேரம் எழவில்லை. திரும்பும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வெளியே வந்தார். அளவு சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா இறந்த பின் வரும் முதல் மழைக்காலம் இது. சாயங்காலம் மலையிலிருந்து நாளைக்கு அண்ணன் போன் செய்தார்.

"பூத்திருக்கு, தம்பி. கத்திரிக்கோலைச் சாணை பிடிச்சு வச்சிருக்கேன்."

"நாளைக்கு வரேண்ணே."

"நாளைக்கா? இப்பவே கிளம்புப்பா."